வேர் நுனியைக் கடிப்பது சிம்பிலானா? உருளைக்கிழங்கு வைத்துப் பாருங்கள்

நாற்று வளராமல் குன்றி நிற்கிறதா? பிடுங்கினால் வேர் நுனிகள் மழுங்கி, துடைப்பக்கட்டை போலிருக்கிறதா? மண்ணுக்குள் வாழும், பூரான் போன்ற சிறு உயிரியான சிம்பிலானாக இருக்கலாம். வெள்ளை நிறம், நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, வளர்ந்ததற்கு 12 ஜோடிக் கால். வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளியும்.

உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டுமுகம் ஈரமண்ணில் படியக் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தூக்கியதும் கிழங்கையும் அடிமண்ணையும் சட்டென்று பாருங்கள். காய்ந்த மண்ணில் இந்தச் சோதனை ஏமாற்றும். பூச்சி ஆழத்துக்குப் போயிருக்கும்.

இதற்குச் சொந்தமாக வளை தோண்டத் தெரியாது. மண்புழுத் துளை, வெடிப்பு வழியாகத்தான் நகரும். அதனால் நடவுக்குச் சற்று முன் மண்ணைப் பொடியாகக் கொத்திவிட்டால் பாதை அடைபடும், பல நசுங்கியும் சாகும். முழுதாக ஒழியாது. பிஞ்சு நாற்றைத் தவிர்த்து, வேர் திரண்ட நாற்றாக நடுங்கள்.