பின்னால் வரும் வண்டி செய்யும் தவறுகள்

நெடுந்தூர சைக்கிள் போட்டியில் தனியாளாக ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒரு துணை வண்டி வரும். அந்த வண்டிக்காரர்கள் செய்யும் தவறுகளில் அலட்சியத்தால் வருபவை குறைவு. பாசத்தால் வருபவைதான் அதிகம்.

முதலாவது, நிறுத்துவது. "பாவம், கொஞ்சம் உட்காரட்டுமே" என்று 3 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் நிறுத்தினால், 24 மணி நேரத்தில் 80 நிமிடம் போய்விடும். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் அது 32 கிலோமீட்டர். அந்த இடைவெளியை மிதித்துப் பிடிப்பது பெரும்பாடு. நிறுத்தவே கூடாது என்பதல்ல, நிறுத்தினால் நாலு வேலை சேர்ந்து முடிய வேண்டும். அவர் வந்து சேரும் முன்பே யார் எதைச் செய்வது என்று பேசி வைத்துவிடுங்கள். ஒருவர் சைக்கிளை வாங்கி டயர், செயின், விளக்கு மூன்றையும் பார்க்கட்டும். ஒருவர் சாப்பாட்டைக் கையில் கொடுக்கட்டும். ஒருவர் உடையைக் கவனிக்கட்டும். இன்னொருவர் சத்தமாக நிமிடத்தைச் சொல்லட்டும்.

ஓடிக்கொண்டே பாட்டில் கொடுக்க விதி இடம் தருகிறதா என்பதை முதலில் படித்துவிடுங்கள். போட்டிக்குப் போட்டி இது மாறும். அனுமதி உண்டென்றால் இறக்கத்தில் கொடுக்காதீர்கள். அவர் வேகம் குறையும் ஏற்றம்தான் சரியான இடம். பாட்டிலின் நடுவைப் பிடித்துக்கொண்டு நீட்டுவது பலர் செய்யும் பிழை, அவர் பிடிக்க இடமே இருக்காது. மூடியை மட்டும் விரல் நுனியால் பிடித்து, கையை நன்றாக நீட்டி, கூடவே நாலு எட்டு ஓடுங்கள். அவர் இழுக்கும்போது விட்டால் போதும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று முன்னமே கவிழ்த்துப் பார்ப்பது நல்லது.

சாப்பாட்டுக் கணக்கில்தான் பெரிதாகக் கோட்டை விடுகிறார்கள். நோட்டில் "750 மில்லி கொடுத்தாச்சு" என்று இருக்கும், பாட்டிலோ பாதி நிறைந்தபடி திரும்பி வந்திருக்கும். எழுத வேண்டியது கொடுத்ததை அல்ல, வயிற்றுக்குள் போனதை. நேரம், குடித்த மில்லி, மாவுச்சத்து கிராம், உப்பு, சிறுநீர் கழித்தாரா என ஐந்து கட்டம் போதும். மணிக்கு 60 கிராம் வரை மாவுச்சத்தைப் பெரும்பாலோர் தாங்குவார்கள். 90 கிராம் வரை போக வேண்டுமானால் குளுக்கோஸோடு ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையும் கலந்திருக்க வேண்டும், பயிற்சிக் காலத்திலேயே வயிறு அதற்குப் பழகியிருக்கவும் வேண்டும். ஒரு மணி நேரம் சாப்பிடவில்லை என்று அடுத்த மணியில் இரண்டு பங்கைத் திணிக்காதீர்கள். வயிறு அதை வாந்தியாகத் திருப்பித் தரும். ஒரு நாள் தாண்டியதும் இனிப்பு என்றாலே குமட்டும் என்பதால் உப்பும் காரமுமாக ஏதாவது வண்டியில் இருக்கட்டும்.

"குடி, குடி" என்று வற்புறுத்துவது இன்னும் ஆபத்தானது. வியர்வையில் போவதைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். விரல் வீக்கம், தலைவலி, குமட்டல், பிறகு குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் விபரீதம். வண்டியில் ஒரு எடை இயந்திரம் வையுங்கள். தொடங்கும்போது இருந்ததைவிட எடை ஏறியிருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவ உதவிக்குச் சொல்லுங்கள். வலிக்கிறது என்றதும் ஐபுப்ரோஃபென் நீட்டுவதும் வேண்டாம். உடலில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

தூக்கம் கெட்டவரிடம் "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்பது சுமையை அவர் தலையில் ஏற்றுவது. "இது வேணுமா, அது வேணுமா?" என்று இரண்டே தேர்வு கொடுங்கள். முன்னால் போகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை அவர் கேட்காமல் சொல்ல வேண்டாம். குட்டித் தூக்கம் என்றால் 20 நிமிடம், படுக்கும் முன் ஒரு காபி. எழும் நேரத்துக்கு அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

இரவில் பின்தொடரும்போது வண்டி நேர் பின்னால் இருந்தால் அவருடைய நிழலே பாதையை மறைக்கும், குழி தெரியாது. சற்று ஒதுங்கி ஓட்டினால் நிழலும் ஒதுங்கும். ஒட்டிக்கொண்டும் வராதீர்கள், அவர் விழுந்தால் பிரேக் பிடிக்க இடம் வேண்டும். திருப்பத்தை 500 மீட்டருக்கு முன் ஒருமுறையும், 100 மீட்டரில் மறுபடியும் சொல்லுங்கள். ஸ்டியரிங் பிடித்தவரே வழியும் பார்ப்பது, அவரே இரவு முழுக்க ஓட்டுவது, இரண்டும் கூடாது. துணைக்குழு தூங்கும் நேரத்தையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.

மாற்றுச் சக்கரம் எடுத்து வந்தால் மட்டும் போதாது. அச்சும் பிரேக் டிஸ்க்கின் அளவும் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள். மாற்று சேடிலும் அவர் உயரத்துக்கே பூட்டியிருக்க வேண்டும். ஈரமான ஷார்ட்ஸோடு அவர் வெகுநேரம் ஓட்டினால் தோல் உரிந்து புண்ணாகும், உலர்ந்த மாற்று ஷார்ட்ஸும் கிரீமும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கடைசியாகக் கழுத்து. 1983-இல், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா போட்டியில் ஓட்டிய மைக்கேல் ஷெர்மருக்குக் கழுத்துத் தசை தளர்ந்து தலையை நிமிர்த்தவே முடியாமல் போனது. அந்தக் கோளாறுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அது வந்த பிறகு சாலையோரத்தில் சரிசெய்வது கடினம். கழுத்து கனக்கிறது என்று அவர் முதல்முறை சொன்னதுமே ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், ஹெல்மெட்டில் இருக்கும் விளக்கையும் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுங்கள்.