ட்ரூகிரிப்டில் பூட்டிய பழைய கோப்புகளை வெராகிரிப்டுக்கு மாற்றுவது எப்படி?

உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் 'டாட் டிசி' என்று முடியும் பெரிய கோப்பு ஏதாவது கிடக்கிறதா? அநேகமாக அது, கோப்புகளை மறையாக்கம் செய்து பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் ட்ரூகிரிப்ட் என்ற மென்பொருளில் பூட்டிய பெட்டகம். 2014 மே மாதம், 'இதில் சரிசெய்யப்படாத பாதுகாப்புக் குறைகள் இருக்கலாம்' என்று வலைத்தளத்தில் எச்சரித்துவிட்டு அதை உருவாக்கியவர்கள் விலகிக்கொண்டார்கள்.

இன்னும் ஓடுகிறதே, அப்புறம் என்ன என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2015 ஏப்ரலில் முடிந்த அதன் நிரல் தணிக்கையில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழைய விட்டுவைத்த வழி) எதுவும் அகப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோவின் ஜேம்ஸ் ஃபோர்ஷா அதன் விண்டோஸ் டிரைவரில் இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். ட்ரூகிரிப்டில் அவற்றை அடைக்க ஆளில்லை. அதே மூல நிரலிலிருந்து கிளைத்த வெராகிரிப்ட், தன் 1.15 பதிப்பில் அடைத்துவிட்டது. அதனால் அங்கே மாறிவிடுவதே சரி.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபரில் வந்த 1.26.7 முதல் வெராகிரிப்டும் பழைய பெட்டகங்களைத் திறப்பதில்லை. திறக்கக்கூடிய கடைசிப் பதிப்பு 1.25.9.

முதல் படி: டிசி கோப்பை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

இரண்டாம் படி: வெராகிரிப்டின் அதிகாரபூர்வத் தளம் காட்டும் இடத்திலிருந்து மட்டும் 1.25.9 பதிப்பை இறக்குங்கள். விண்டோஸ் என்றால் போர்ட்டபிள் பதிப்பு போதும், நிறுவ வேண்டியதில்லை.

மூன்றாம் படி: கோப்பைத் தேர்ந்தெடுத்து 'மவுண்ட்' அழுத்துங்கள். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் 'ட்ரூகிரிப்ட் மோட்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். அதை விட்டால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் தவறு என்றுதான் வரும். 'மவுண்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் 'ரீட்-ஒன்லி' வைத்துக்கொண்டால் பழைய கோப்பில் எதுவும் மாறாது.

நான்காம் படி: இங்கே இரண்டு வழிகள் உண்டு. இடம் இருந்தால் புதிய வெராகிரிப்ட் பெட்டகம் ஒன்றை உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்குள் நகலெடுங்கள். என் பரிந்துரை இதுதான்.

இடம் இல்லாவிட்டால் பெட்டகத்தை டிஸ்மவுண்ட் செய்துவிட்டு (அதாவது மூடிவிட்டு), 'வால்யூம்ஸ்' மெனுவில் 'சேஞ்ச் வால்யூம் பாஸ்வேர்டு' போங்கள். மேல் பாதியில் பழைய பாஸ்வேர்டும் ட்ரூகிரிப்ட் மோட் டிக்கும், கீழ்ப் பாதியில் புதிய பாஸ்வேர்டு. கீழே 'பிகேசிஎஸ்-5 பிஆர்எஃப்' என்ற இடத்தைக் கவனியுங்கள்; பாஸ்வேர்டிலிருந்து சாவியை உருவாக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் இடம் அது. அதை 'அன்சேஞ்ச்டு' என்றே விடாமல் எஸ்எச்ஏ-512 தேர்ந்தெடுங்கள். ட்ரூகிரிப்டில் தானாக வருவது ரைப்எம்டி-160, அதை 1.26.7 நீக்கிவிட்டது. மாற்றாமல் விட்டால் புதிய பதிப்பில் பெட்டகம் திறக்காது. பெட்டகத்துக்குள் மறைபெட்டகம் (வேறு பாஸ்வேர்டில் திறக்கும் ரகசியப் பெட்டகம்) வைத்திருந்தால், அதன் பாஸ்வேர்டைக் கொடுத்து அதற்கும் இதையே தனியாகச் செய்ய வேண்டும்.

இந்த வழி சட்டென்று முடிந்துவிடும். காரணம், பாஸ்வேர்டால் பூட்டிய சாவி இருக்கும் தலைப்பகுதி மட்டுமே மாறுகிறது. உள்ளே தரவைப் பூட்டிய மூலச் சாவி பழையதேதான். பழைய பாஸ்வேர்டு யாருக்காவது தெரிந்திருந்து, பழைய நகலும் அவர் கையில் இருந்தால், அந்தச் சாவியை எடுத்து மாற்றிய பெட்டகத்தையும் திறந்துவிடலாம். புதிய பெட்டகத்தை நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

ஐந்தாம் படி: இப்போதைய வெராகிரிப்டை நிறுவி, அதில் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். நாலைந்து கோப்புகளையாவது, முக்கியமாகப் பெரிய வீடியோக்களை, முழுதாக ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பழைய டிசி நகல்களை அழித்துவிடலாம். பென் டிரைவிலும் கிளவுடிலும் போட்டு வைத்தவையும் இதில் அடக்கம்.

விண்டோஸ் இருக்கும் டிரைவையே ட்ரூகிரிப்டில் பூட்டியிருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. தரவை வெளியே நகலெடுத்து, ட்ரூகிரிப்டைக் கொண்டே அந்த டிரைவை முழுதாகப் பூட்டு நீக்கி, அதன் பிறகுதான் வெராகிரிப்டில் பூட்ட வேண்டும். பல மணிநேரம் ஆகலாம், லேப்டாப்பை சார்ஜரிலேயே வைத்திருங்கள்.