எச்.ஓ.ஏ. உள்ள வீடா, இல்லாத வீடா? கையெழுத்துப் போடும் முன்னும் குடிபோன பின்னும் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் வீடு தேடும்போது பள்ளிக்கூட ரேட்டிங்கையும் ஆபீஸ் தூரத்தையும் அலசி ஆராய்கிறவர்கள்கூட, எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) என்ற வரியில் மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கட்டணம் குறைவாக இருந்தால் நல்ல சங்கம் என்று ஒரு நினைப்பு. பல இடங்களில், பத்து வருடமாகக் கட்டணத்தை ஏற்றாத சங்கம்தான் கூரை ஒழுகும் நாளில் வீட்டுக்கு இத்தனை ஆயிரம் கொடு என்று கடிதம் போடுகிறது. புல் எத்தனை அங்குலம் வளரலாம் என்பதைவிடச் சங்கத்தின் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

எச்.ஓ.ஏ. உள்ள வீட்டை வாங்கினால் நீங்கள் தானாகவே உறுப்பினர். விலகிக்கொள்ள வழி கிடையாது. சில பழைய குடியிருப்புகளில் மட்டும் விருப்பச் சங்கம் இருக்கும். அதில் சேராமலும் இருக்கலாம். எது என்று ரியல்டர் வாயால் சொல்வதை நம்பாமல், பதிவான பத்திரத்தில் பாருங்கள்.

கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

டிக்ளரேஷன் (கவுன்ட்டி அலுவலகத்தில் பதிவான, குடியிருப்பின் அடிப்படை விதிப் பத்திரம்), பைலா (சங்கத்தை நடத்தும் விதிகள்), விதிமுறைப் புத்தகம், நடப்பு ஆண்டு பட்ஜெட், ரிசர்வ் ஸ்டடி (பெரிய பழுதுகளுக்கான நிதி ஆய்வு), கடைசி 12 முதல் 24 மாதப் போர்டு (நிர்வாகக் குழு) கூட்டக் குறிப்புகள், இன்சூரன்ஸ் சான்று, நிலுவையில் உள்ள வழக்குகளின் விவரம். இவற்றோடு, விற்பவர் பேரில் பாக்கியோ தீர்க்காத விதிமீறலோ இருக்கிறதா என்று சங்கமே எழுதித் தரும் சான்றிதழ். டெக்சஸில் இதை ரீசேல் சர்டிஃபிகேட் என்பார்கள்; ஃபுளோரிடாவில் எஸ்டாப்பல். முன்னவர் அனுமதி இல்லாமல் கட்டிய வேலியை உங்கள் செலவில் பிடுங்கச் சொல்லிக் கடிதம் வராமல் இருக்க இந்தச் சான்றிதழ்தான் காப்பு.

ஒப்பந்தத்தைக் கைவிடும் உரிமைக்குக் கெடு மிகக் குறைவு. டெக்சஸின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில், விற்பவர் இந்தக் காகிதங்களைத் தர வேண்டும் என்ற பெட்டியில் டிக் போட்டிருந்தால், அவை கைக்கு வந்த 3 நாளுக்குள் விலகலாம். ஃபுளோரிடாவில் எச்.ஓ.ஏ. பற்றிய விவரத் தாள் ஒப்பந்தத்துக்கு முன்பே தரப்படாவிட்டால், அது கிடைத்த 3 நாளுக்குள் ரத்து செய்யலாம். முந்நூறு பக்க பிடிஎஃப் வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தால் அந்த வாரக்கடைசி அதற்குத்தான்.

முழுக்கப் படிக்க முடியாதவர்கள் இந்தச் சொற்களைத் தேடிப் படியுங்கள்: வாடகை, பார்க்கிங், வணிக வாகனம், வேலி, வெளிப்புறம், வீட்டுத் தொழில், செல்லப்பிராணி, டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் (வீடு கைமாறும்போது கட்டுவது). வாடகை விதி முக்கியம். வேலை மாறி வேறு ஊருக்குப் போகும்போது வீட்டை வாடகைக்கு விடலாம் என்ற கணக்கில் வாங்குகிறவர்கள் நம்மில் அதிகம். மொத்த வீடுகளில் இத்தனை சதவீதம்தான் வாடகைக்கு விடலாம் என்று உச்சவரம்பு இருந்து, அது ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு விதி எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டிக்ளரேஷனில் இருப்பதை மாற்ற உரிமையாளர்களின் ஓட்டு வேண்டும். பல இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு. விதிமுறைப் புத்தகத்தில் இருப்பதைப் போர்டே ஒரு கூட்டத்தில் மாற்றிவிடலாம். இரண்டும் முரண்பட்டால் டிக்ளரேஷனே நிற்கும், அதற்கு மேல் மாநிலச் சட்டம், அதற்கும் மேல் கூட்டாட்சிச் சட்டம்.

பணக் கணக்கு

ரிசர்வ் என்பது கூரை, சாலை, லிஃப்ட், நீச்சல்குளம் போன்றவற்றைப் புதுப்பிக்கச் சேர்த்து வைக்கும் நிதி. ரிசர்வ் ஸ்டடியில் ‘இத்தனை சதவீதம் நிதி உள்ளது’ என்று ஓர் எண் இருக்கும். 70-க்கு மேல் இருந்தால் வலுவான நிலை என்றும் 30-க்குக் கீழே போனால் ஆபத்து என்றும் இத்துறையில் கொள்வது வழக்கம். எண்ணோடு நிற்காமல் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 120 வீடுகள் உள்ள டவுன்ஹவுஸ் வளாகம். 6 வருடத்தில் கூரை மாற்ற 18 லட்சம் டாலர் வேண்டும். கையில் இருப்பது 3 லட்சம். பற்றாக்குறை 15 லட்சம், வீட்டுக்கு 12,500 டாலர். 72 மாதத்தில் தேற்ற வேண்டுமானால் மாதக் கட்டணம் 174 டாலர் ஏற வேண்டும். பட்ஜெட்டில் அந்த ஏற்றம் இல்லையென்றால் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்ற பெயரில் மொத்தமாக வரும். பக்கத்து வீட்டோடு ஒட்டிய கூரையோ சங்கம் பராமரிக்கும் சாலையோ இல்லாத தனிவீட்டுக் குடியிருப்பில் இந்தத் தலைவலி குறைவு. அடுக்குமாடி வீடான காண்டோவில் மிக அதிகம்.

ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று சேம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற காண்டோ கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். பழுதுகளை 2018-லேயே பொறியாளர் ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். செலவைப் பற்றிய இழுபறியிலேயே காலம் போயிற்று. அதன் பிறகு ஃபுளோரிடா, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்களுக்குக் கட்டமைப்பு ரிசர்வ் ஆய்வைக் கட்டாயமாக்கியது. பழைய கட்டடங்களில் கட்டணம் மளமளவென ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூட்டக் குறிப்புகளில் தேட வேண்டியவை: ஒழுகல், வழக்கு, இன்சூரன்ஸ் பிரீமியம், பாக்கிதாரர்கள். காண்டோவில் 15 சதவீதத்துக்கு மேற்பட்ட வீடுகள் 60 நாளுக்கு மேல் கட்டணப் பாக்கி வைத்திருந்தால் வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி அந்த வளாகத்துக்கான கடன் சிக்கலாகும். வாங்கும்போது நீங்கள் ரொக்கம் கொடுத்தாலும், விற்கும்போது உங்களிடம் வாங்குகிறவருக்குக் கடன் கிடைக்க வேண்டுமே.

கட்டணம் உங்கள் கடன் தகுதியையும் குறைக்கும். 30 வருடக் கடன், 6.5 சதவீத வட்டி என்று வைத்தால், மாதம் 300 டாலர் கட்டணம் சுமார் 47,000 டாலர் கடனுக்கான தவணைக்குச் சமம். அந்தக் கட்டணம் பொதுவாக எஸ்க்ரோவில் (வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் கடன் தவணையோடு பிடிக்கும் கணக்கு) சேராது. சங்கத்துக்குத் தனியே கட்ட வேண்டும். ஆட்டோபே போட மறந்து, முதல் மாதமே தாமதக் கட்டணம் வாங்குகிறவர்கள் ஏராளம். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டிய கட்டணத்தை வருமான வரியில் கழிக்க முடியாது. வாடகைக்கு விட்டிருந்தால் செலவாகக் காட்டலாம்.

காண்டோ வாங்கினால் எச்.ஓ.-6 என்ற காண்டோ உரிமையாளர் இன்சூரன்ஸ் பாலிசியில் ‘லாஸ் அசெஸ்மென்ட்’ (சேதச் செலவில் சங்கம் உங்கள் தலையில் போடும் பங்குக்கான காப்பு) தொகையைப் பாருங்கள். சும்மா விட்டால் பெரும்பாலும் 1,000 டாலர்தான் இருக்கும். அதை 25,000 அல்லது 50,000-க்கு உயர்த்த ஆகும் கூடுதல் பிரீமியம் சொற்பம். தீ, புயல் போன்ற பாலிசி ஏற்கும் சேதத்துக்காகப் போடப்படும் அசெஸ்மென்டுக்கே இது உதவும். தேய்ந்துபோன கூரைக்கு உதவாது.

வெளியே எதையாவது மாற்றும் முன்

வேலி, பெயிண்ட், பேட்டியோ, கதவு, சோலார், மரம் வெட்டுவது என எல்லாவற்றுக்கும் ஆர்க்கிடெக்சரல் கமிட்டியின் எழுத்து மூல அனுமதி தேவை. விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம், விவரம் போதாதது. சர்வே வரைபடத்தின் நகலில் வேலை நடக்கும் இடத்தைக் குறியுங்கள்; எல்லைக்கோட்டிலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள்; உயரம், பொருள், பெயிண்ட் என்றால் கம்பெனியின் நிற எண்; கான்ட்ராக்டரின் லைசென்ஸ், இன்சூரன்ஸ் நகல். ‘பிரவுன் கலர் வேலி’ என்று எழுதினால் நிச்சயம் திரும்பும். அனுப்பிய தேதிக்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல டிக்ளரேஷன்களில் 30 அல்லது 45 நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்றிருக்கும். சிலவற்றில் மறுத்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் இருக்கும். எது என்று பார்க்காமல் ஆளைக் கூப்பிட்டுக் குழி தோண்டாதீர்கள். போர்டு உறுப்பினர் நடைப்பயிற்சியில் ‘பரவாயில்லை, போடுங்கள்’ என்று சொன்னது எதற்கும் உதவாது. நகராட்சி பெர்மிட் இதிலிருந்து வேறு. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்றாகாது.

சில விஷயங்களில் சங்கத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் தனி உபயோகத்தில் உள்ள இடத்தில் 1 மீட்டருக்குள் இருக்கும் டிஷ் ஆன்டெனாவைத் தடுக்க முடியாது. 1996 முதல் எஃப்.சி.சி. (கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம்) விதி அது. அமெரிக்கக் கொடியைத் தடை செய்ய முடியாது. அதற்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கலிஃபோர்னியாவில் முழு விண்ணப்பம் கொடுத்த 45 நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் சோலாருக்கு அனுமதி கிடைத்ததாகவே பொருள். அதே மாநிலத்தில் கொல்லைப்புறக் காய்கறித் தோட்டத்துக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, நியாயமான கட்டுப்பாடுகளோடு. ஃபுளோரிடாவில் 2024 முதல், தெருவிலிருந்தும் அண்டை மனையிலிருந்தும் கண்ணில் படாத காய்கறித் தோட்டத்தில் சங்கம் தலையிட முடியாது. முருங்கை வைப்பவர்கள் அது வேலியைத் தாண்டி எட்டிப் பார்க்காதபடி கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான். வாசல் தோரணம், சாமி படம் ஆகியவற்றுக்கு டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் சட்டம் துணை நிற்கிறது. கலிஃபோர்னியாவில் அந்தப் பாதுகாப்பு வாசற்கதவு, நிலைப்படியோடு நிற்கும், 36-க்கு 12 அங்குலம் என்ற அளவும் உண்டு.

விதிமீறல் கடிதம் வந்தால்

முதலில் கடிதத்தில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிரிவு எண்ணே இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். மீறல் உண்மையென்றால் சரிசெய்து, தேதியோடு படம் எடுத்து ஈமெயிலில் அனுப்பி, கோப்பை மூடிவிட்டதாகப் பதில் வாங்குங்கள். பதில் வாங்காமல் விட்டால் அடுத்த முறை ‘இரண்டாவது மீறல்’ என்று அபராதம் கூடும்.

உண்மையில்லை என்றால் விசாரணை கேளுங்கள், அதுவும் எழுத்தில். டெக்சஸில் கடிதம் அனுப்பப்பட்ட 30 நாளுக்குள் கேட்க வேண்டும். ஃபுளோரிடாவில் 14 நாள் நோட்டீஸ் கொடுத்து, போர்டுக்கும் அவர்கள் உறவினருக்கும் இடமில்லாத குறைந்தது மூவர் கமிட்டி ஒப்புக்கொண்டால்தான் அபராதம் செல்லும். டிக்ளரேஷன் வேறு சொல்லாவிட்டால் நாளுக்கு 100, மொத்தம் 1,000 டாலர் வரை. கலிஃபோர்னியாவில் 2025-இல் வந்த சட்டத் திருத்தம் ஒரு மீறலுக்கு 100 டாலரை உச்சவரம்பாக வைத்தது. உடல்நலம், பாதுகாப்பு தொடர்பானவற்றுக்கு விலக்கு. விசாரணைக்குப் போகும்போது அதே தெருவில் அதே நிலையில் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட வீடுகளின் படங்களை எடுத்துப்போங்கள். ஒருவருக்கு ஒரு விதி, இன்னொருவருக்கு வேறு விதி என்பது சங்கத்தின் பலவீனமான இடம். குழந்தைகள் வெளியே விளையாடக் கூடாது என்பது போன்ற பொதுத்தடை, வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் நியாய வீட்டுவசதிச் சட்டத்தையே மீறக்கூடும்.

கோபத்தில் மாதக் கட்டணத்தை நிறுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. அபராதம் வேறு, கட்டணம் வேறு. கட்டணப் பாக்கிக்கு வீட்டின் மேல் உரிமைப் பற்று (லீன்) விழும், வட்டியும் வக்கீல் செலவும் சேரும், கடைசியில் வீடு ஏலத்துக்குக்கூடப் போகும். கலிஃபோர்னியாவில் பாக்கி 1,800 டாலரைத் தொட்டாலோ 12 மாதத்தைத் தாண்டினாலோதான் ஏல நடவடிக்கை எடுக்கலாம். டெக்சஸில் வெறும் அபராதத்துக்காக ஏலம் விட முடியாது, கட்டணப் பாக்கிக்காக விட்டாலும் 180 நாளுக்குள் மீட்கலாம். 400 டாலர் தகராறை வக்கீல் செலவு 4,000 ஆக்கிவிடும். ஆகவே கட்டணத்தைக் கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். வசூல் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தால் 30 நாளுக்குள் கணக்கை எழுத்தில் மறுத்து, விவரம் கேளுங்கள்.

விதியே பிடிக்கவில்லை என்றால் போர்டு தேர்தலில் நில்லுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்குக் கோரம் (தேவையான குறைந்தபட்ச வருகை) சேர்வதே பல இடங்களில் பாடு. பதினைந்து பிராக்ஸி (வராதவர் எழுதித் தரும் ஓட்டு அதிகாரம்) சேகரித்தவர் ஜெயித்துவிடுவார்.

எச்.ஓ.ஏ. இல்லாத வீடு

‘நோ எச்.ஓ.ஏ.’ என்று விளம்பரத்தில் போட்டால் விதியே இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். பத்திர வில்லங்கம் பார்க்கும் டைட்டில் கம்பெனி தரும் கமிட்மென்ட் என்ற அறிக்கையில் ஷெட்யூல் பி என்ற பகுதியில், மனையின் மேல் பதிவான கட்டுப்பாடுகள் இருக்கும். சங்கம் கலைந்துபோனாலும் அவை நிற்கலாம்; அண்டை வீட்டுக்காரரே நீதிமன்றம் போய் அமல்படுத்தக் கேட்கலாம். நில உபயோக மண்டல விதி இல்லாத ஹூஸ்டனில் இந்தக் கட்டுப்பாடுகளை நகராட்சியே அமல்படுத்துகிறது. பழைய பத்திரங்களில் குறிப்பிட்ட இனத்தவருக்கு விற்கக் கூடாது என்ற வாசகம்கூடக் கண்ணில் படலாம். 1948-இல் உச்ச நீதிமன்றம் அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது, 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் முற்றிலும் தடை செய்தது.

தெரு யாருடையது என்று கவுன்ட்டியில் கேளுங்கள். தனியார் சாலை என்றால் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதிப் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பனி அள்ளவும் குழி அடைக்கவும் யாரும் பணம் தர மாட்டார்கள், சில வங்கிகள் கடனுக்கும் தயங்கும். மழைநீர்க் குட்டை, வடிகால், செப்டிக் எல்லாம் யார் பொறுப்பு என்பதும் இதோடு கேட்க வேண்டியது. பக்கத்து வீட்டில் ஓடாத கார் இரண்டு வருடமாக நிற்கிறதா, சேவல் கூவுகிறதா என்று ஒரு ஞாயிறு காலையும் ஒரு வேலைநாள் இரவும் போய்ப் பாருங்கள். அதைத் தட்டிக்கேட்க உங்களுக்கு இருப்பது நகராட்சியின் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் (விதி அமலாக்கப் பிரிவு) மட்டுமே. நகர எல்லைக்கு வெளியே இருந்தால் அதுவும் கவுன்ட்டியைப் பொறுத்தது.

வேலி போடும் முன் லைசென்ஸ் உள்ள சர்வேயரை அழைத்து எல்லைக்கல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பழைய வேலி நின்ற இடம்தான் எல்லை என்று நம்பிப் போட்டதை ஓர் அடி நகர்த்த ஆகும் செலவு, சர்வே செலவைவிடப் பல இடங்களில் அதிகம். தோண்டுவதற்கு இரண்டு மூன்று வேலைநாள் முன்பே 811 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் நிலத்தடி காஸ், மின்சாரக் குழாய்களை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். மீட்டரிலிருந்து உள்ளே வரும் உங்கள் சொந்தக் குழாய்களை அவர்கள் குறிக்க மாட்டார்கள், அதற்குத் தனியாள் வைக்க வேண்டும்.