மூன்று கால் நாயும் மாடிப்படியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மாடிப்படி பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் இருக்கும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றும் கிடையாது. கைப்பிடியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை அது அப்படியே கிடக்கும். உப்புக் காற்றில் அரித்து, சிமெண்ட் படியின் விளிம்பு உதிர்ந்திருக்கும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உயரம் ஒத்துப்போகாது. நாலு கால் இருந்தவரை நாய் இதையெல்லாம் சட்டை செய்திருக்காது. மொட்டை மாடியில் காயும் கருவாட்டுக்கு அதுதான் காவல்.

பிறகு ஒரு கால் போய்விடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஏறியிருக்கலாம். காலில் சுற்றிய வலைக்கயிறு இறுகி ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். பெரிய நாய்களுக்கு எலும்புப் புற்றுநோயாலும் காலை எடுக்க நேரிடும். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாய் ஓரிரு நாளிலேயே எழுந்து நிற்பதைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். மூன்று காலோடு நாய்கள் நன்றாகவே வாழ்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் தவறு அந்த ஆச்சரியத்தில்தான் தொடங்குகிறது.

“அது பாட்டுக்கு ஏறிப் போயிருது”

பாம்பன் பக்கம் ஒரு வீட்டில் பின்னங்கால் எடுத்த நாய் ஒன்று இருக்கிறது. “பாத்தீங்களா தம்பி, கால் போனது அதுக்கே ஞாபகம் இல்ல. அது பாட்டுக்கு மாடிக்கு ஏறிப் போயிருது” என்றார் அந்த வீட்டு அக்கா. அப்போது தையல்கூடப் பிரிக்கவில்லை. “சரிக்கா, இறங்கும்போது கொஞ்சம் பாருங்க” என்றேன். நாய் இறங்கியது. பாதிவரை சரியாகத்தான் வந்தது. கீழிருந்து நாலாவது படியில் பின்பாகம் பக்கவாட்டில் திரும்பி முன்பாகத்தை முந்தப் பார்த்தது. சமாளிக்க முடியாமல் மிச்சப் படிகளை ஒரே தாவலில் தாண்டி மண்ணில் போய் நின்றது. விழவில்லை. அதனால் வீட்டில் யாரும் அதை ஒரு விபத்தாக எண்ணவில்லை.

மூன்று கால் நாய்க்கு ஓடுவதைவிட நிதானமாக நடப்பதுதான் கஷ்டம். ஒரு கால் போனபின் அது துள்ளித்தான் நகர முடியும், துள்ளலுக்குக் கொஞ்சம் வேகம் வேண்டும். மணலில் அழகாக ஓடுகிற நாயே மெல்ல நடக்கும்போது தள்ளாடுவதைக் கவனித்துப் பாருங்கள். சமதரையில் அதற்குக் கைகொடுக்கும் அந்த வேகம்தான் படி இறங்கும்போது அதைக் கவிழ்க்கிறது. ஏற முடியாமல் விழுவதைவிட, இறங்கும்போது நிறுத்த முடியாமல் விழுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே “ஏறிவிட்டதே” என்பது ஒரு சான்றே அல்ல. இறங்குவதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தையல் பிரிக்க வழக்கமாக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை மாடிப்படி வேண்டவே வேண்டாம். படியின் அடியில் ஒரு பழைய கட்டிலைச் சாய்த்து வைத்தாலும் போதும். “கடல் தண்ணி பட்டா புண் ஆறிரும்” என்று சொல்லித் தையலோடு கடலில் இறக்குபவர்களும் உண்டு. தையலுக்குள் போவது உப்பு மட்டுமல்ல, மணலும் அழுக்கும்தான். அதையும் சேர்த்தே தள்ளிப்போடுங்கள்.

எந்தக் கால் போனது என்று பார்க்காமல் உதவுவது

நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன, மீதி பின்னங்கால்களுக்கு. படி இறங்கும்போது முன்பக்கச் சுமை இன்னும் கூடும். அதனால் முன்னங்கால் இழந்த நாய்க்கு இறக்கம்தான் கண்டம். ஒவ்வொரு படியிலும் மொத்தப் பாரமும் ஒற்றை முன்னங்காலில் வந்து விழும். அது மடங்கினால் தாடை படியில் மோதும். பின்னங்கால் இழந்த நாய்க்கு உந்தி ஏறுவது சிரமம். மிச்சமிருக்கும் தொடையே எல்லாவற்றையும் தள்ள வேண்டியிருப்பதால் சீக்கிரம் களைத்து, நடுப்படியில் உட்கார்ந்துவிடும்.

இரண்டு நாய்க்கும் ஒரே மாதிரி உதவினால் ஒன்றுக்காவது அது உபத்திரவமாகத்தான் முடியும். பின்னங்கால் போன நாய்க்கு ஒரு பழைய கைலியையோ துண்டையோ நீளவாக்கில் மடித்து, வயிற்றுக்கு அடியில் பின்னங்காலை ஒட்டினாற்போல் கொடுத்து, இரு முனையையும் முதுகுக்கு மேல் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். தூக்கிவிடக் கூடாது. பாரத்தில் கொஞ்சத்தை நம் கை வாங்கிக்கொண்டால் போதும். ஆண் நாயாக இருந்தால் துணி குறியை அழுத்தாமல் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவழியில் நின்று முரண்டு பிடிக்கும், நாமும் அதற்குப் பயம் என்று நினைத்துக்கொள்வோம். முன்னங்கால் போன நாய்க்கு வயிற்றுத் துணி பயன்படாது. மார்பைத் தாங்குகிற, முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸ் என்னும் உடம்புப் பட்டைதான் சரி. கடையில் கிடைக்கும் சாதாரண ஹார்னஸ் இரண்டு தோளை நம்பித் தைத்தது. ஒரு தோள் இல்லாத நாய்க்கு அது அந்தப் பக்கமாகச் சரிந்து, அக்குளில் உரசிப் புண்ணாக்கும். மார்பை அகலமாகப் பிடிக்கிற மாதிரி பார்த்து வாங்கி, உரசும் இடத்தில் மெத்தென்று துணி வைத்துத் தைத்துக்கொள்வது நல்லது.

இரண்டும் இல்லாமல் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது. அதுவும் படகில் மிஞ்சிய நைலான் கயிறு கழுத்தில் கட்டியிருக்கும். தடுமாறும் நாயைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தினால், மூன்று காலும் படியை விட்டு எழும்பிப் பாரம் முழுவதும் தொண்டையில் தொங்கும். படியில் கழுத்துக்குக் கை போகவே கூடாது.

நாம் நிற்கும் இடமும் முக்கியம். ஏறினாலும் இறங்கினாலும் நாயைவிட ஒரு படி கீழே நில்லுங்கள். கைப்பிடியில்லாத படியாக இருந்தால் திறந்த பக்கத்தில் நாம், சுவரோரம் நாய். மேலே நின்று மீனைக் காட்டி “வா வா” என்று கூப்பிட்டால் நாய் பாய்ந்துதான் வரும். நமக்கு வேண்டாதது அந்தப் பாய்ச்சல். தீனி காட்டித்தான் பழக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு படியிலும் ஒரு துணுக்கு வையுங்கள். தின்ன நிற்கும், நின்றால் வேகம் அறும். பழக்கத்தைக் கீழ் இரண்டு படிகளில் தொடங்குங்கள். அதில் நிதானம் வந்தபின் மேலே போகலாம்.

பிடிப்புக்காகப் போட்டதே வழுக்கினால்?

படி வழுக்குகிறது என்றவுடன் கைக்குக் கிடைப்பது சாக்கு, இல்லாவிட்டால் பனையோலைப் பாய். இரண்டும் படியில் நகரும். புதிய ஓலைப் பாய் தானே வழவழப்பு. நாய் கால் வைத்ததும் பாயோடு சேர்ந்து கீழே வரும். நாலு கால் நாய்க்கு ஒன்று சறுக்கினால் மூன்று மிச்சம். இதற்கு ஒன்று சறுக்கினாலே ஆள் காலி. பழைய வலையை விரித்துப் போடுவதும் ஆபத்துதான், கண்ணியில் நகம் மாட்டும். வலைக்கு வேறு வேலை கொடுக்கலாம்: கைப்பிடியில்லாத பக்கத்தில் கம்பு நட்டு, தடித்த கயிற்று வலையை விறைப்பாகக் கட்டினால் நல்ல தடுப்பு. மெல்லிய பிளாஸ்டிக் இழையில் பின்னிய நரம்பு வலை வேண்டாம், சிக்கினால் சதையை அறுக்கும்.

படியில் போட ரப்பர் விரிப்புதான் சரி. ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக வெட்டி, விளிம்புவரை பசை போட்டு ஒட்டுங்கள். ஆட்களுக்காக விற்கும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான ஒட்டுநாடா செருப்புக் காலுக்குச் சரி. நாயின் பாதத்தைத் தேய்த்துவிடும். புதிதாகப் படி பூசுபவர்கள், சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே கொத்தனாரிடம் சொல்லிக் குறுக்கே கோடு இழுக்கச் சொன்னால் வேலை அதோடு முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் படியில் பாசி ஏறும். அதைச் சுரண்டாமல் மேலே எதைப் போட்டும் பயனில்லை.

நகம் வளர்ந்து தரையில் டக் டக்கென்று சத்தம் கேட்டால் பாதம் முழுதாகப் பதியவில்லை என்று அர்த்தம். வெட்டிவிடுங்கள். விரலிடுக்கில் முடி மண்டியிருந்தால் அதையும்.

சாய்பலகை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல

படிக்குப் பதில் பலகையைச் சாய்த்துவிடலாம் என்பது நல்ல யோசனைதான், வாசல் திண்ணை அளவுக்கு. ஒன்றரை அடி உயரத் திண்ணைக்கு ஐந்தடிப் பலகையாவது வேண்டும். குறுக்கே சிறு ரீப்பர் கட்டைகள் அடித்திருக்க வேண்டும். இரண்டடிப் பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் படியே மேல். பத்தடி உயர மாடிக்கு இதே கணக்கில் முப்பது அடிக்கு மேல் பலகை தேவைப்படும், அதை எந்த வீட்டிலும் வைக்க முடியாது. மாடிக்கு நாய் போய்த்தான் ஆக வேண்டுமா என்பதை முதலில் யோசிக்கலாம். தண்ணீர்ச் சட்டி, சோறு, படுக்கை மூன்றையும் கீழே மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். கருவாட்டுக்குக் காக்கைதான் கவலை என்றால் மேலே வலை கட்டுங்கள்.

செயற்கைக் கால் வைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். பெரும்பாலும் மருத்துவர்கள் காலை மிக மேலே, முன்னங்காலைத் தோள்பட்டை எலும்போடு சேர்த்தேகூட எடுத்துவிடுவார்கள். பாதியில் நிறுத்தினால் மிச்சக் கட்டை படியிலும் தரையிலும் இடித்துப் புண்ணாகிக்கொண்டே இருக்கும் என்பதுதான் காரணம். மேலே எடுத்தபின் செயற்கைக் காலை மாட்டப் பிடிமானம் இருக்காது.

பரிதாபமும் எடையும்

“பாவம், ஒரு கால் இல்லாம கிடக்கு” என்று வீட்டில் ஆளாளுக்கு ஒரு பிடி சோறு வைப்பார்கள். கூடும் ஒவ்வொரு கிலோவும் மூன்று கால்களின் மூட்டுகளில்தான் இறங்கும். விலா எலும்பைக் கையால் தடவினால் எளிதாகத் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் சோற்றைக் குறையுங்கள். இராமநாதபுரத்து நாட்டு இனமான மண்டை நாய் மாதிரி கனத்த உடம்புக்காரர்களிடம் இதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

பரிதாபத்தில் எப்போதும் தூக்கிக்கொண்டே திரிவதும் தவறு. உழைக்காத தொடை சூம்பும், அப்புறம் நிஜமாகவே ஏற முடியாமல் போகும். காயம் ஆறி மருத்துவர் சரி என்றபின், அலை நனைத்த கெட்டி மணலில் காலையில் கொஞ்ச தூரம் நடத்துங்கள். இந்தக் கரையில் வாழ்வதன் லாபம் அது, விட்டுவிடாதீர்கள். பாதம் புதையும் உலர்ந்த மணல் தொடக்கத்தில் வேண்டாம், பத்தே அடியில் மூச்சிரைக்கும். மதிய வெயிலில் மாடிப்படியும் கூடாது. உங்கள் வெறுங்காலால் நிற்க முடியாத சிமெண்டில் நாயும் நிற்காது, சூடு தாங்காமல் தாவும்.

நேற்றுவரை ஏறிய நாய் இன்று படியைப் பார்த்து ஒதுங்கினால் அதைப் பிடிவாதம் என்று அதட்டாதீர்கள். முக்கால்வாசி அது வலியாகத்தான் இருக்கும்: மிச்சக் காலின் மூட்டிலோ, முதுகிலோ, எடுத்த இடத்திலேயோ. அதற்காக வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதுதான் இந்தத் தவறுகளில் உயிருக்கே உலை வைப்பது. பாராசிட்டமால் நாயின் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். நாய்க்கென்று உள்ள வலி மருந்தை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

தூக்கத் தெரிந்தவர் கடலில் இருந்தால்

கடலுக்குப் போகிற வீடுகளில் நாயைத் தூக்கி இறக்குபவர் பெரும்பாலும் ஆண்தான். அவர் ராத்திரி படகில் இருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருப்பார், மற்ற நாளில் நம்ப முடியாது. அதனால் இன்னொருவருக்கும் தூக்கப் பழக்கி வையுங்கள். ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்தொடைக்கு அடியில். நாயை நம் உடம்போடு ஒட்டி அணைத்துக்கொள்ள வேண்டும். முன்னங்கால் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் இருக்கிற ஒற்றைத் தோளும் போய்விடும். முப்பது கிலோ நாயை ஒருவரே தூக்கி ஈரப் படியில் ஏறுவது வீண் வீரம். கெட்டியான போர்வையில் படுக்க வைத்து இருவராகத் தூக்குங்கள், பலசாலி கீழ்ப்பக்கம் நிற்கட்டும்.

இதையெல்லாம் வெயில் நாளிலேயே செய்து பார்த்துவிடுங்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறி, தண்ணீர் வாசலுக்கு வந்து, எல்லோரும் மாடிக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ கிளம்பும் நேரத்தில் நாய் முதன்முறையாகப் போர்வையில் ஏறாது; பயந்து கடிக்கவும் செய்யும். போர்வையையும் ஹார்னஸையும் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் மாட்டி வையுங்கள்.