2019-இல் மயங்கி விழுந்தீர்களா?

"எந்த வருஷம் பாஸ் அவுட்?" என்று நம் ஊரில் கேட்டால், பட்டம் வாங்கிய வருடத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று ஓர் அமெரிக்கரிடம் சொல்லிப் பாருங்கள். 2019-இல் இவர் எங்கேயோ மயங்கி விழுந்திருக்கிறார், அதை எதற்கு நம்மிடம் சொல்கிறார் என்று விழிப்பார்.

ஆங்கிலத்தில் 'பாஸ் அவுட்' என்றால் முதல் பொருள் நினைவு தப்புவதுதான். வெயிலில் சுருண்டு விழுந்தாலும் சரி, ரத்தத்தைப் பார்த்துத் தலை சுற்றி விழுந்தாலும் சரி, அதே சொல். அளவுக்கு மீறிக் குடித்தவனை நாம் 'மட்டையாயிட்டான்' என்கிறோமே, அதற்கும் இதுதான். 'காலேஜிலிருந்து மட்டையானேன்' என்று ரெஸ்யூமில் யாராவது எழுதுவார்களா?

நம் பழக்கத்தை முழுத் தவறு என்று தள்ளவும் முடியாது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ராணுவப் பயிற்சியை முடித்து வெளியே வருவதற்கு இதே சொல் உண்டு. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கும் 'பாஸிங் அவுட் பரேடு' அந்த அர்த்தத்தில்தான். அதைக் கல்லூரிக்கும் நீட்டியது நம் இந்திய ஆங்கிலம். உள்ளூர் கம்பெனிக்கு எழுதும்போது யாரும் குறை சொல்லப்போவதில்லை. வெளிநாட்டுக்குப் போகும் விண்ணப்பத்தில் மட்டும் 'ஐ கிராஜுவேட்டட் இன் 2019' என்று எழுதிவிடுங்கள். கல்லூரிப் பெயரைச் சேர்த்தால் நடுவில் 'ஃப்ரம்' வரட்டும். தேர்வில் தேறியதற்கு 'பாஸ்டு' போதும், 'அவுட்' வேண்டாம்.

இன்னொரு பொருளும் இருக்கிறது: விநியோகிப்பது. வினாத்தாளை எல்லோருக்கும் கொடுப்பது 'பாஸ் அவுட் தி பேப்பர்ஸ்'. 'பாஸ் தி பேப்பர்ஸ் அவுட்' என்றும் சொல்லலாம். ஆனால் 'பேப்பர்ஸ்' போய் 'தெம்' வந்துவிட்டால் ஒரே வழிதான், 'பாஸ் தெம் அவுட்'. 'பாஸ் அவுட் தெம்' என்பது காதில் இடறும். மயக்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே செயப்படுபொருளே கிடையாது.

எழுதும்போது 'பாஸ்டு' (passed) என்ற வினையின் இடத்தில், கடந்த காலத்தைக் குறிக்கும் 'பாஸ்ட்' (past) வந்து உட்கார்ந்துகொள்வதும் உண்டு. உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு.

இருப்பதிலேயே சங்கடமானது 'பாஸ் அவே'யோடு குழப்பிக்கொள்வது. அது இறப்பை நாசூக்காகச் சொல்வது, நம் 'காலமானார்' மாதிரி. நண்பரின் அப்பா காலமான செய்தியை அலுவலகத்துக்கு மெயிலில் தெரிவிக்கும்போது அவசரத்தில் 'பாஸ்டு அவுட்' என்று போட்டுவிட்டால், "இப்போது தெளிந்துவிட்டாரா?" என்று பதில் வரும்.