முட்டை வெந்தாலும் சங்கிலி அறுவதில்லை

புரத அமைப்பின் நிலைகளை மனப்பாடம் செய்து குழம்பும் மாணவர்கள், சூடான தோசைக்கல்லில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கவனிப்பது நல்லது. வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். 385 அமினோ அமிலங்கள் கோத்த அதன் சங்கிலி, சூடேறும்போது மடிப்பைப் பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து மடிப்பவிழ, உள்ளே மறைந்திருந்த நீர்விலக்குப் பகுதிகள் வெளிப்பட்டுப் பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்வதால்தான், கண்ணாடிபோல் இருந்த வெள்ளைக்கரு வெண்மையாகக் கெட்டிப்படுகிறது. அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கும் பெப்டைடு பிணைப்புகளோ அறுவதில்லை. ஆகவே முதல்நிலை அமைப்பு, அதாவது அமினோ அமிலங்களின் வரிசை, அப்படியே இருக்கிறது (தேர்வில் பலர் சறுக்குமிடம் இதுவே). அந்தப் பிணைப்புகளை அறுப்பது இரைப்பையிலுள்ள பெப்சின் போன்ற நொதிகளின் வேலை. தீயே இல்லாமல், கிண்ணத்திலுள்ள வெள்ளைக்கருவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தாலும் மெல்ல வெண்மை படரும்; அங்கே மடிப்பைக் குலைப்பது அமிலம்.