ரெண்டு லைன் ஸ்பீக்கர் போன்: வாங்குவதற்கு முன் சுவரைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. மாதாமாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குக்கும், 20ஆம் தேதி 3பி என்ற வரிக் கணக்குக்கும் கடைசி நாள். அந்த இரண்டு நாளும் வீடு சந்தைக்கடைதான். ஒரு லைனில் சங்கரன்கோவில் ஜவுளிக்காரர் பில் நம்பர் சொல்லிக்கொண்டிருப்பார், அடுத்த லைனில் அம்பாசமுத்திரத்து அரிசி ஆலை அடித்துக்கொண்டே இருக்கும். கை இரண்டும் கீபோர்டில் இருந்தாக வேண்டும். ரிசீவரைத் தோளில் இடுக்கி இடுக்கிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். சரி, இரண்டு லைன் உள்ள ஸ்பீக்கர் போன் ஒன்று வாங்கிவிடுவோம் என்று ஜங்ஷன் பக்கம் கிளம்பினேன்.

“அண்ணாச்சி, ரெண்டு லைன் போன் இருக்கா?”

“இருக்கு அண்ணாச்சி. ரெண்டு சிம் போடலாம்.”

முதல் தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. ‘இரண்டு லைன்’ என்ற ஒரே பேரில் மூன்று வேறு வேறு சாமான்கள் விற்கின்றன. அவர் எடுத்துக் காட்டியது மேசைப்போன் மாதிரி இருக்கும் இரட்டை சிம் போன். அந்த வகையில் பெரும்பாலானவற்றில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்ற சிம்முக்கு அழைப்பு வராது. கூப்பிடுகிறவருக்கு ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றோ ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்றோ குரல் கேட்கும். வாடிக்கையாளர் காத்திருக்கக்கூடாது என்றுதானே இரண்டாவது லைன் கேட்கிறோம்? அதற்கு இது உதவாது. அடுத்தது ஐபி போன். பெட்டியில் ‘2 லைன்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இன்டர்நெட் வழியாகப் பேசும் கணக்குகள் இரண்டை அதில் பதிந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். சாதாரண டெலிபோன் வயரைச் செருக அதில் இடமே இருக்காது. மூன்றாவதுதான் நான் தேடியது: இரண்டு லேண்ட்லைன்களை ஒரே கருவியில் வாங்கிக்கொண்டு, ஒன்றை ஹோல்டில் போட்டுவிட்டு மற்றொன்றில் பேசவிடும் போன்.

கடைக்குப் போகும் முன்னால் வீட்டுச் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. இப்போது பல வீடுகளில் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக வந்த லைன், இப்போது மோடம் என்று நாம் சொல்கிற அந்த வெள்ளைப் பெட்டியின் பின்னால் உள்ள டெலிபோன் துளையிலிருந்து வருகிறது. சில பெட்டிகளில் அந்தத் துளை ஒன்றுதான், சிலவற்றில் இரண்டு. ஒன்றுதான் என்றால், இரண்டாவது நம்பரை எந்த வழியில் தருவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு போனுக்குப் பணம் கட்டுங்கள். துளை இரண்டு இருந்தாலும் ஒவ்வொன்றிலும் தனித்தனி நம்பர் வேலை செய்கிறதா என்று பழைய ஒற்றை லைன் போனைச் செருகிப் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் வயர். இரண்டு லைன் போன்களில் சிலவற்றுக்கு இரண்டு தனித் துளை உண்டு. சிலவற்றில் ஒரே துளைக்குள் இரண்டு லைனும் வரும்: நடுவில் உள்ள இரண்டு கம்பியில் முதல் லைன், அவற்றுக்கு வெளிப்புறத்து இரண்டில் இரண்டாவது லைன். பிளக்கின் உருவம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால்தான் ஏமாறுகிறோம். பெட்டியோடு வந்த வயர் நீளம் போதவில்லை என்று வீட்டில் கிடந்த பழைய வயரை நான் மாட்டினேன். முதல் லைன் ஜோராக வந்தது, இரண்டாவது லைனில் மூச்சே இல்லை. மூன்று நாள் கடைக்காரரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இரண்டே இரண்டு பித்தளைக் கம்பி! நாலு இருக்க வேண்டும். இதே கதைதான் மோடத்திலும். அதன் இரண்டு துளையும் தனித்தனி, உங்கள் போனிலோ ஒரே துளை என்றால், இரண்டையும் ஒன்றாக்கும் சின்ன அடாப்டர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

இந்தச் சீமையில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே இந்த வகை போன் நிறையக் கிடைக்கும், எங்கள் மைத்துனரும் ஆசையாக ஒன்று கொண்டுவந்தார். செருகிய கொஞ்ச நேரத்தில் அடாப்டரிலிருந்து கருகல் வாடை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் ‘100-240’ என்று இருந்தால் தப்பித்தோம். ‘120’ மட்டும்தான் என்றால் அதைத் தொடாமல், அதில் ‘OUTPUT’ என்று போட்டிருக்கும் அதே அளவு வோல்ட்டும் ஆம்பியரும் தரக்கூடிய உள்ளூர் அடாப்டரை மாட்டுங்கள். பின்னில் பிளஸ், மைனஸ் எது எந்தப் பக்கம் என்பதும் பொருந்த வேண்டும். கூப்பிடுகிறவரின் எண்ணைக் காட்டும் காலர் ஐடியிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டு லைன்களில் அந்த எண்ணை டிடிஎம்எஃப் (DTMF) என்ற முறையில் அனுப்புவதும் உண்டு, எஃப்எஸ்கே (FSK) என்ற முறையில் அனுப்புவதும் உண்டு. அமெரிக்கப் போனுக்கு இரண்டாவது முறைதான் புரியும். நம் ஊரில் விற்கும் போன்களின் பெட்டியில் இரண்டையும் சேர்த்தே போட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

இனி ஸ்பீக்கர். இதில்தான் கடையிலேயே ஏமாறுகிறோம். கடைக்காரர் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கி, டயல் டோனை ‘ங்ங்ங்’ என்று அலறவிட்டு, “சத்தத்தப் பாத்தீங்களா” என்பார். நமக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதைவிட, எதிர்முனையில் இருப்பவருக்கு நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் போனின் தரம் தெரியும். மட்டமான ஸ்பீக்கர் போனின் கஷ்டம் வாங்கியவருக்குத் தெரியாது. அதை அனுபவிப்பது அவருடைய வாடிக்கையாளர்.

விலை குறைந்த ஸ்பீக்கர் போன்கள் ஒரு சமயத்தில் ஒரு பக்கத்துக் குரலை மட்டுமே விடும். நீங்கள் வாயைத் திறந்ததும் அவர் குரல் அறுந்துவிடும், அவர் பேசும்போது உங்கள் குரல் போகாது. இதை ஹாஃப் டூப்ளக்ஸ் என்பார்கள். ஃபுல் டூப்ளக்ஸ் போனில் ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குள் திரும்பி நுழையும் ஒலியைக் கழித்துவிடும் வசதி இருப்பதால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம். நம்மவர்கள் பேச்சுக்கு இது அவசியம். அடுத்தவர் முடிக்கும்வரை “ம்ம், சரி, ஆமா” என்று ஒத்து ஊதாமல் நம்மில் யாரால் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? ஹாஃப் டூப்ளக்ஸ் போனில் நீங்கள் போடும் ஒவ்வொரு “ம்ம்”க்கும் அவர் சொல்லும் பில் நம்பரில் ஒரு எண் காணாமல் போகும். ஜிஎஸ்டி எண்ணோ 15 எழுத்து.

சோதிக்க ஒரு எளிய வழி. வீட்டில் ஒருவரை லைனுக்கு அழைத்து ஒன்றிலிருந்து இருபது வரை நிறுத்தாமல் எண்ணச் சொல்லுங்கள். அவர் எண்ணும்போதே நீங்களும் ஸ்பீக்கரில் சத்தமாக எண்ணுங்கள். இருவருக்கும் மற்றவர் எண்ணியது விட்டுப்போகாமல் கேட்டால் போன் தேறியது. இதைக் கடையில் செய்து பார்த்தால் மட்டும் போதாது, வீட்டு அறையிலும் செய்ய வேண்டும். சிமெண்டுத் தரையும் உயர்ந்த கூரையும் மொட்டைச் சுவரும் உள்ள பழைய வீட்டு அறையில் நல்ல போன்கூடக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்கும். ஜன்னலுக்குக் கனத்த திரை, தரையில் ஜமுக்காளம், பின்னால் ஒரு புத்தக அலமாரி என்று வைத்தால் எதிரொலி அடங்கும். பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டிப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள், எதிரொலி அப்படியேதான் இருந்தது.

மின்விசிறிக் காற்று நேரே விழும் இடத்தில் போனை வைக்காதீர்கள், மைக்கில் ஆடிக்காற்று வீசும். தெருவில் அம்மன் கோயில் கொடை நடக்கிற நாளில் எந்த ஸ்பீக்கர் போனும் உங்களைக் காப்பாற்றாது. அன்றைக்கு ரிசீவர்தான். அதனால் ஹெட்செட் செருகத் துளை உள்ள போனாகப் பாருங்கள். வாடிக்கையாளரின் வரவுசெலவு அடுத்த அறை வரை கேட்க வேண்டாம் என்பதற்கும் அது உதவும்.

கரண்ட் விஷயத்தை நான் கடைசியில்தான் யோசித்தேன். செம்புக் கம்பி இருந்தவரை எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியே லைனுக்கு மின்சாரம் கொடுத்துவிடும், வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரணப் போன் பேசும். ஃபைபரில் மோடம் அணைந்தால் இரண்டு லைனும் சேர்ந்து படுத்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நானும் இருந்தேன். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில்தான், மோடம் செருகியிருந்த பிளக்குக்கு இன்வெர்ட்டர் லைனே இழுக்கவில்லை என்று தெரிந்தது. மோடம், போன் அடாப்டர் இரண்டையும் இன்வெர்ட்டர் பாயிண்ட்டுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் மோடத்துக்கென்று விற்கும் குட்டி யூபிஎஸ் வாங்குங்கள். இன்னும் செம்புக் கம்பிதான் என்றால் சித்திரை வைகாசி இடிமழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் டெலிபோன் வயர், பவர் பிளக் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இடி எந்த வழியாகவும் உள்ளே வரும்.

கான்ஃபரன்ஸ் பட்டன், ஹோல்டில் பாட்டு எல்லாம் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குடிமுழுகாது. எந்த லைன் ஹோல்டில் இருக்கிறது என்று தனி விளக்கு எரிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். ஹோல்டில் போட்டதை மறந்து ஒருவரைக் கால்மணி நேரம் காக்கவைத்த அனுபவம் எனக்கு உண்டு. ரிசீவரைத் தூக்கியதும் எந்த லைன் தானாக எடுக்கும் என்பதையும் முதல் நாளே செட் செய்துவிடுங்கள்.

போனில் எண்களைப் பதியும்போது மொபைல் எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துப் பதியுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அப்படித்தான் அடிக்க வேண்டும். காலர் ஐடி பட்டியலில் பல நேரம் வெறும் பத்து இலக்கம்தான் இருக்கும். அதை அப்படியே திருப்பி அடித்தால் போகாது, புதுப் போனில் கோளாறு என்று திரும்பக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.